ஏழாம் நம்பரில் செல்வி

தவக்காலம் தொடங்குகிற விபூதிப் புதனுக்கு இன்னும் மூன்றே நாள். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வந்த ஆரோக்கியசெல்வி, முக்காட்டை மடித்துக் கொடியில் போட்டுவிட்டுச் சின்ன அறைக்குள் எட்டிப் பார்த்தாள். டி.வி.க்குக் கீழே இருந்த கறுப்புப் பெட்டியின் முகத்தில் மணியைக் காணோம். நான்கு பூஜ்யங்கள் மட்டும் கண் சிமிட்டிக்கொண்டிருந்தன. காலையில் பத்து நிமிடம் கரண்டு போய் வந்திருந்தது.

கிட்டே போய்க் குனிந்து பார்த்தாள்.

"கடிகாரம் போச்சுன்னா அது எச்சரிக்கைன்னு வச்சுக்க. உள்ள இருக்குற பேட்டரி சாகப் போவுது. அடுத்தது பேருங்க போயிரும்" என்று அவள் புருஷன் இஞ்ஞாசி ஒரு காலத்தில் சொல்லி வைத்திருந்தார். சொன்னவர் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் ஆறு வருஷம் ஆகிறது.

பாலிதீன் உறை போட்ட ரிமோட்டை எடுத்து அவசரமாக ஏழாம் நம்பரை அழுத்தினாள். திரை நீலமாக இருந்தது. அடியில் மஞ்சள் எழுத்தில் பெயர் வந்தது. செல்வி. ஐந்து எண்ணுவதற்குள் மறைந்தும் விட்டது.

"மாதாவே, இருக்கு" என்று நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

இந்தப் பெட்டி அந்த வீட்டுக்கு வந்த கதையைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். இஞ்ஞாசி, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு சொல்தா வீட்டில் தோட்டத்துக்குத் தண்ணீர் விடுவதிலிருந்து வீட்டுச் சாவி வைத்திருப்பது வரைக்கும் எல்லா வேலையும் பார்த்தவர். அந்தப் பெரியவரை எல்லோரும் முசே என்பார்கள். முசே பிரெஞ்சுச் செய்தி பார்ப்பதற்காக மாடியில் எட்டடி ஆன்டெனாக் குடை ஒன்றை வானத்தைப் பார்த்து நிமிர்த்தி வைத்திருந்தார். பிள்ளைகளோடு இருந்துவிடலாமென்று அவர் பாரிசுக்குக் கிளம்பியபோது, "இஞ்ஞாசி, குடையையும் பெட்டியையும் நீ எடுத்துக்கோ. நான் போற ஊர்ல அந்தச் செய்தி சும்மாவே வரும்" என்று கொடுத்துவிட்டுப் போனார்.

குடையை நான்கு பேர் தலையில் தூக்கி வந்தார்கள். சுரூபம் வைத்த தேர் வருவது போலத் தெரு முழுக்க வாசலில் நின்று பார்த்தது. அந்த நான்கு பேரில் ஒருவன் ஃபயாஸ். அப்போது மாடி மாடியாக ஏறிக் குடை மாட்டுவதுதான் அவனுக்கு வேலை.

பெட்டியில் சேனல் சேனலாக வந்தது. ஒன்றின் பாஷையும் புரியவில்லை. எதற்கும் பெயர் இல்லை, வெறும் நம்பர்தான். பெயரை நாமே எழுதிக்கொள்ளலாம் என்று ஃபயாஸ் காட்டிக் கொடுத்தான். இங்கிலீஷ் எழுத்துதான் உண்டு, அதுவும் எட்டுக்கு மேல் ஏற்காது. இஞ்ஞாசி அஞ்சாம் கிளாஸ். ரிமோட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக ஏற்றி ஏற்றி, ஒரு மழைக்காலம் பூராவும் பெயர் எழுதினார். சேனல் எந்தத் தேசமோ, அது அவருக்கு முக்கியமில்லை. அதை உட்கார்ந்து பார்ப்பது யார் என்பதுதான் கணக்கு.

பிரெஞ்சுச் செய்தி வந்த ஒன்றாம் நம்பருக்கு, ஊரில் இல்லாவிட்டாலும் முசே என்றே பெயர். பந்தாட்டம் வந்தது மூன்று. அது பரோட்டாக்கடை நூகு. உலகக்கோப்பை நடந்தபோது நூகு கடையை மச்சானிடம் விட்டுவிட்டு மாவுக் கையோடு வந்து உட்காருவார். பொம்மைப் படம் நான்கு. அது மகன் ஜெனிஷ். மேகம் நகர்வதைக் காட்டுகிற சேனலுக்கு, கோட்டுச்சேரிமேட்டிலிருந்து சைக்கிளில் மீன் கொண்டு வரும் உத்திராபதியின் பெயர். அது எட்டு எழுத்துக்குள் அடங்காமல் 'உத்ரா' ஆகிவிட்டது.

"என்னப் பொம்பளப் புள்ளையா ஆக்கிப்புட்டியேப்பா" என்று உத்திராபதி அங்கலாய்ப்பார். "எம் பேருக்கு எடமில்லாத பொட்டியில எனக்கு எதுக்கு மேகம்?" என்பார். ஆனாலும் காற்று கிளம்புகிற மாதம் வந்தால் மீன் கூடையை வாசலில் இறக்கிவிட்டு முதலில் அதைத்தான் போடச் சொல்வார். புயல் என்றால் நைலான் கயிறு கொண்டு வந்து குடையைக் கட்டிக் கொடுப்பதும் அவர்தான்.

ஆரோக்கியசெல்வி தையல்காரி. ஏழாம் நம்பரில் ஏதோ ஒரு சீமைப் பெண்கள் விதவிதமாக உடுத்திக்கொண்டு நடந்து வருவார்கள். நடுவில் சில பேர் உடுத்தியதும் உடுத்தாததுமாக வருவார்கள். இஞ்ஞாசி எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். "நீ கையி, கழுத்தை மட்டும் பாத்துக்க. மத்ததுக்குக் கண்ண மூடிக்க" என்பார். அப்படிப் பார்த்துத்தான் ஒரு நத்தாருக்கு, கிறிஸ்துமஸ் பூசைக்கு, கோயில் பங்கில் பாதிப் பெண்களுக்கு அவள் புதுமாதிரிக் கை வைத்து ஜாக்கெட் தைத்தாள். அந்தச் சேனலுக்கு அவர் எழுதிய பெயர்தான் செல்வி.

அவர் வாயால் அவளை அப்படிக் கூப்பிட்டதே கிடையாது. கல்யாணமான நாளிலிருந்து, "இந்தா", "ஏ, இங்க பாரு." ஜெனிஷ் பிறந்த பிறகு, "தம்பி அம்மா." அப்பனும் ஆத்தாளும் செத்த பிறகு அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளே இல்லை. தெருவுக்கு அவள் டைலரக்கா. பங்குச் சாமியாருக்கு, திருச்சபைத் துணிகள் தைக்கிற அம்மா. உலகத்தில் அவள் பெயர் இருந்தது இரண்டே இடத்தில். ஒன்று ரேஷன் அட்டை. இன்னொன்று ஏழாம் நம்பர்.

அந்தச் சேனல் நின்று வெகுநாள் ஆயிற்று. முக்கால்வாசிச் சேனல்கள் நின்றுவிட்டன. பெயர்கள் மட்டும் நிற்கவில்லை. நூகு இறந்துவிட்டார், முசேயும் பாரிசிலேயே போய்விட்டார். மூன்றை அழுத்தினால் நூகு வருவார். ஒன்றை அழுத்தினால் முசே வருவார். இராத்திரி செபம் முடித்து அவள் இரண்டு மூன்று நம்பர் அழுத்திப் பார்ப்பாள். செத்தவர்களுக்கு ஒரு அருள் நிறைந்த மரியே, இருப்பவர்களுக்கு ஒன்று. கடைசியில் ஏழு.

"போட்டோ எடுத்து வச்சிக்கிட்டுத் தூக்கிப் போடும்மா" என்று சென்னையிலிருந்து ஜெனிஷ் சொன்னான். மருமகள் ஜெமிமா வந்திருந்தபோது எடுத்தும் கொடுத்தாள். போட்டோவில் இருந்தது பெயர்தான். ஆனால் அது வந்து வந்து போகவில்லையே.

திங்கட்கிழமை அவள் ஃபயாஸ் கடைக்கு நடந்தாள். இப்போது அவன் செல்போனுக்குக் கண்ணாடி மாற்றுகிறான். தாடியில் நரை விழுந்திருந்தது.

"அக்கா! அந்தப் பொட்டி இன்னும் உயிரோடவா இருக்கு?"

"இருக்கு தம்பி. சாகப் பாக்குது. அதான் ஓடியாந்தேன்."

"அதுக்குப் பதிலா சின்ன டிஷ் ஒண்ணு மாட்டிடுவோமா? படம் கண்ணாடி மாதிரி இருக்கும்."

"எனக்குப் படம் வேணாம் தம்பி. அதுல உள்ள பேருங்கதான் வேணும். அது போயிடாம பேட்டரி மாத்த முடியுமா?"

அவன் கையிலிருந்த செல்போனைக் கீழே வைத்தான். பெயர் எழுதக் காட்டிக் கொடுத்தது தான்தான் என்பது அவனுக்கு நினைவு வந்திருக்க வேண்டும்.

"நாளைக்கு மத்தியானம் வாரேன். நான் வர்ற வரைக்கும் பிளக்க மட்டும் புடுங்கிடாதீங்க."

செவ்வாய்க்கிழமை மத்தியானம் பையோடு வந்தான். "நாளைக்கு உங்களுக்கு விபூதி. பிறை தெரிஞ்சா நாளான்னைக்கு எங்களுக்கு நோன்பு. நாம ரெண்டு பேரும் பட்டினி கெடக்கிறதுக்கு முந்தி இதுக்குச் சோத்தப் போட்டுருவோம்" என்று சொல்லிக்கொண்டே தரையில் பழைய போர்வையை விரித்தான்.

பெட்டியின் மூடியைக் கழற்றிப் பார்த்தான். உள்ளே ஒரு மூலையில், நீலத் தோல் போட்ட சின்னப் பேட்டரி. புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிது. அதன் காலடியில் பச்சையாகப் பூத்திருந்தது.

"கசிஞ்சிருக்கு. இவ்ளோ சீக்கிரம் இப்டி ஆவாதே. இது மாத்தின பேட்டரியாச்சே?"

"ஆமா தம்பி. அவரு போறதுக்கு முந்தின வருஷம் அவரு சொல்லி நீதான மாத்துன."

"அதான் சொல்றேன். இன்னும் நல்லா இருக்கணும். பொட்டி சொருகி இருக்கிற வரைக்கும் இது கரண்டக் குடிச்சு வயித்த ரொப்பிக்கும். பிளக்கப் புடுங்கிட்டா, தன் வயித்துல உள்ளத எடுத்துப் பேருங்களுக்குக் குடுக்கும். வருஷா வருஷம் வத்துற அளவுக்கு விட்டா அப்புறம் தேறாது. நீங்க ரொம்ப நாள் புடுங்கி வச்சீங்களா?"

"தவக்காலத்துக்கு மட்டும். எங்க வீட்டுல தவக்காலம் பூரா டி.வி. கெடையாது தம்பி. எல்லா ஒயரையும் புடுங்கி, ஊதாத் துணி போட்டு மூடிருவேன்."

அது அவள் மாமியார் வீட்டில் இல்லாத வழக்கம். அவளாகக் கொண்டு வந்தது. கோயிலில் பாடுகளின் வாரம் நெருங்கும்போதுதான் சுரூபங்களை மூடுவார்கள். அந்தத் துணிகளைத் தைப்பவள் அவள். மிச்சத் துணியில் டி.வி.க்கும் ஒரு உறை தைத்து, விபூதிப் புதனன்றே போட்டுவிடுவாள்.

"எத்தன நாளு?"

"நாப்பது."

ஃபயாஸ் செல்போனில் தேதிகளைத் தள்ளிப் பார்த்தான். "நாளையிலேர்ந்து ஈஸ்டர் வரைக்கும் எண்ணினா நாப்பத்தாறு வருதேக்கா?"

"நாப்பதுதான் தம்பி. கர்த்தர் வனாந்தரத்துல இருந்த கணக்கு."

"அப்ப இந்த ஆறு எங்கேர்ந்து வந்துச்சு?"

"ஆறு ஞாயித்துக்கெழம இருக்குல்ல. ஞாயித்துக்கெழம கணக்குல வரா..."

சொல்லிக்கொண்டிருந்தவள் அப்படியே நிறுத்திவிட்டாள். அந்த வார்த்தை அவளுடையது அல்ல.

தவக்கால ஞாயிறுகளில் அவள் பூசை முடிந்து, கோயில் துணிகளை எண்ணி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வரத் தாமதமாகும். முதல் பூசைக்கே போய்வந்துவிட்ட இஞ்ஞாசி துடைக்கிற துணியோடு சின்ன அறையில் நிற்பார். உறை ஒரு பக்கம் தூக்கியிருக்கும். பெட்டியில் சிவப்பு லைட் எரிந்துகொண்டிருக்கும். முதல் தடவை பார்த்தபோதே அவளுக்குத் தலைக்கேறிவிட்டது. உத்திராபதி வாசலில் மீன் நிறுத்துக்கொண்டிருக்கிறார், நூகு சைக்கிளில் போகிறார், எல்லார் காதிலும் விழக் கத்தினாள். "கோயில்ல போயி மொத வரிசையில முட்டி போடுறது. வீட்டுக்கு வந்தா திருட்டு டி.வி.யா?"

"ஞாயித்துக்கெழம கணக்குல வராது, தம்பி அம்மா" என்றார்.

"ஓகோ! ஞாயித்துக்கெழம களவாண்டா களவு இல்லையா? சாமியார வரச்சொல்லிக் கேப்போமா?"

நூகு சைக்கிளை நிறுத்திச் சிரித்தார். "விடுங்கக்கா, மனுசன் பந்தாட்டம் பாத்துருப்பாரு. பாவம் என் பேருல எழுதிக்கங்க."

இஞ்ஞாசி வேறொன்றும் சொல்லவில்லை. பொண்டாட்டி குரல் ஏறினால் அவர் குரல் இறங்கிவிடும். விளக்கம் சொல்லி வாய் வளர்ப்பதைவிடத் துணியை உதறிக் கொடியில் போடுவது அவருக்குச் சுலபம். ஆனால் அடுத்த ஞாயிறும் லைட் எரிந்தது. அடுத்த வருஷமும் எரிந்தது. அவளும் விடாமல் குத்திக்காட்டினாள். டி.வி.யைத் தொட்டுப் பார்த்தால் சூடே இருக்காது. அது அவள் புத்திக்கு எட்டவில்லை. அவர் படம் பார்க்கவில்லை. பெட்டிக்கு மட்டும் கரண்டு கொடுத்துக்கொண்டு காவலுக்கு நின்றிருக்கிறார்.

அவர் போன பிறகு, இனி இந்த வீட்டில் தவக்காலம் ஒழுங்காக நடக்கும் என்று நாற்பத்தாறு நாளும் வயரைப் பிடுங்கியே வைத்தாள். ஆறு வருஷம்.

"நான்தான் தம்பி இதப் பட்டினி போட்டேன்" என்றாள். கண்ணில் தண்ணீர் முட்டியது.

"அழுவாதீங்கக்கா. இன்னும் ஒண்ணும் போவல. இப்ப பாருங்க. தொட்டில் கயிறு மாத்தும்போது புள்ளைய ஒருத்தர் கையில வச்சிக்கிறதில்ல? அந்த மாதிரி. இந்தப் பென்சில் செல்லு ரெண்டையும் பக்கத்துலயே சேத்துடுவேன். பழசக் கழட்டிப் புதுசு வக்கிற வரைக்கும் இது பேருங்களத் தாங்கிக்கும். அப்புறம்தான் பிளக்கப் புடுங்கணும். ஒயரு வக்க ஓரமாத் தொட்டாப் போதும், பழசக் கழட்ட கரண்டோட கைய முழுசா உள்ள விட்டா நான் மௌத்தாப் போயிருவேன்."

இரண்டு செல்லையும் ஒன்றின் தலையில் ஒன்றாக வைத்துக் காகிதத்தில் சுருட்டினான். இரண்டு வயர்களைப் பேட்டரிக்குப் பக்கத்தில் ஈயத்தால் பற்ற வைத்தான். செல்களின் முனையில் வயரை வைத்து டேப் சுற்றினான். கடற்காற்றில் பிசுபிசுத்துப் போன டேப் வழுக்கிக்கொண்டு வந்தது. இரண்டு தடவை ஒட்டினான், இரண்டு தடவையும் விட்டது.

"இங்க குடு" என்றாள் ஆரோக்கியசெல்வி. "முப்பது வருஷமா ஊசி புடிச்ச கை. நான் புடிச்சிக்கிறேன்."

"பத்து நிமிஷம் விடக் கூடாதுக்கா. இமைக்கிற நேரம் விட்டாலும் பேரு போயிரும்."

கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் இரண்டு முனையையும் அழுத்திப் பிடித்து, மறு கையால் சுருள் நழுவாமல் தாங்கிக்கொண்டு போர்வையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். ஃபயாஸ் "பிஸ்மில்லா" என்று சொல்லி பிளக்கைப் பிடுங்கினான். நான்கு பூஜ்யங்களும் அணைந்தன. இனி எல்லாப் பெயர்களும் அவள் இரண்டு விரலுக்கு நடுவில். செபமாலையைப் பிடிக்கக் கையில்லாததால் மனசுக்குள்ளேயே ஒரு பத்துமணி, பத்து அருள் நிறைந்த மரியே, சொல்ல ஆரம்பித்தாள்.

மூன்றாவது மரியேயில் செல்போன் அடித்தது. ஜெனிஷாக இருக்கும். அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. ஐந்தாவதில் ஒரு கொசு முழங்கையில் உட்கார்ந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது குடித்து முடித்து, தூக்க முடியாத வயிற்றோடு போயிற்று. இன்னொன்று வந்தது.

"டைலரக்கா, என் ஜாக்கெட்டு..." என்று கேட்டுக்கொண்டே பக்கத்து வீட்டுச் சந்திரலேகா உள்ளே வந்தாள். "என்னக்கா, மெழுகுவத்திய முழுங்குன மாதிரி உக்காந்திருக்கீங்க?"

"தொடாத! கிட்ட வராத!" என்று ஃபயாஸும் ஆரோக்கியசெல்வியும் ஒன்றாகக் கத்தினார்கள்.

"ஐயோ, நான் ஜாக்கெட்ட நாளைக்கே வாங்கிக்கிறேன்."

"போயிடாதடி. அந்த விசிறிய எடுத்துக் கொசுவ ஓட்டு. மேல படாம, கைய ஆட்டிவிடாம, மெதுவா வீசு."

"கொசு ஓட்டுறதுக்குப் பத்து விதி சொல்றது ஒங்க வீட்டுலதான்" என்று முணுமுணுத்தாலும் சந்திரலேகா கீழே உட்கார்ந்து வீசினாள். என்ன ஏது என்று கேட்டாள். ஃபயாஸ்தான் வேலை செய்துகொண்டே இரண்டு வார்த்தையில் சொன்னான். சந்திரலேகா விசிறியோடு இன்னும் கிட்ட நகர்ந்து உட்கார்ந்தாள்.

ஈயம் புகைந்தது. பழைய பேட்டரி பச்சைக் காலோடு வெளியே வந்தது. அடியில் பூத்திருந்ததைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் சுரண்டித் துடைத்தான். புதிய பேட்டரியை உட்கார வைத்துப் பற்ற வைத்தான். அவளுக்கு விரல் மரத்துப்போய் எது விரல், எது செல் என்று தெரியவில்லை. பத்துமணி முடிந்து இரண்டாவது பத்துமணியில் எங்கோ எண்ணிக்கை தவறிப்போயிருந்தது.

"இப்ப விடலாம்க்கா."

"நெசமாவா?"

"நெசமா."

"நீயே பிரிச்சு விடு தம்பி. என்னால முடியல."

அவன் அவள் விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தினான். பிளக்கைச் சொருகினான். நான்கு பூஜ்யங்கள் வந்தன. டி.வி.யைப் போட்டு ரிமோட்டை நீட்டினான். அவள் வாங்கவில்லை.

"நீ போடு. மொதல்ல மூணு."

நூகு. ஃபயாஸ் வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டான். அவனுக்கு நூகு தாய்மாமன்.

"ஒண்ணு." முசே. அடுத்து அழுத்திய நம்பரில் உத்ரா.

"உத்ரா யாருக்கா? ஒங்க வீட்டுக்காரருக்குத் தெரிஞ்ச பொண்ணா?" என்று சந்திரலேகா கண்ணடித்தாள்.

"மீன்காரர்டி. நெஞ்சு வரைக்கும் மீசை வச்சிருப்பாரு."

மூன்று பேரும் சிரித்து ஓய்ந்ததும் ஃபயாஸ் கேட்காமலேயே ஏழாம் நம்பரை அழுத்தினான். நீலத் திரையில் மஞ்சளாக வந்தது. செல்வி. ஐந்து எண்ணுவதற்குள் போய்விட்டது. மறுபடி அழுத்தினான். மறுபடி வந்தது.

"இதுதான் ஒங்க பேராக்கா?" என்று சந்திரலேகா வியந்தாள். பத்து வருஷம் பக்கத்து வீடு.

மறுநாள் காலை நெற்றியில் விபூதி வாங்கி வந்து, ஊதா உறையை மடியில் வைத்துக்கொண்டு மெஷினில் உட்கார்ந்தாள். உறையின் பின்பக்கம், வயர் போகிற அளவுக்கு ஒரு காஜாத் துளை எடுத்தாள். எட்டிப் பார்க்க முன்பக்கம் ஒன்றும் வைக்கவில்லை. பிளக்கைப் பிடுங்கி, உறையைப் போட்டு மூடினாள். வெள்ளிக்கிழமை அந்தி நேரத்தில் ஃபயாஸ் வீட்டிலிருந்து நோன்புக் கஞ்சி வந்தது. "ஒங்க வெள்ளிக்கெழமைக்காகக் கறி போடாம தனியாக் காச்சுனது" என்று சொல்லி அனுப்பியிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் துணிகளை எண்ண நிற்கவில்லை. நேரே வீட்டுக்கு வந்து பிளக்கைச் சொருகினாள். டி.வி.யைப் போடவில்லை. உறைக்குள்ளே பெட்டியின் சிவப்பு லைட், துணியில் ஒரு பொட்டளவு தெரிந்தது. இஞ்ஞாசி நின்ற இடத்தில் ஸ்டூலைப் போட்டு, துடைக்கிற துணியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். உத்திராபதி காதில் விழக் கத்தினேன், நூகு காதில் விழக் கத்தினேன், உங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று அவரிடம் சொன்னாள். சொல்லி முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

ஜன்னலில் சந்திரலேகாவின் முகம் தெரிந்தது.

"என்னக்கா, தவக்காலத்துல லைட் எரியுது? திருட்டு டி.வி.யா?"

ஆரோக்கியசெல்வி துணியை உதறினாள். அவளுக்குக் கோபம் வரவில்லை, விளக்கம் சொல்லவும் தோன்றவில்லை.

"ஞாயித்துக்கெழம கணக்குல வராதுடி" என்றாள்.